கதீட்டர் பை ஏன் கத்திரிப்பூ நிறமாகிறது?

கட்டில் ஓரத்தில் தொங்கும், சிறுநீர் சேரும் பை நேற்று இரவு வரை மஞ்சளாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் கத்திரிப்பூ நிறம். படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வழக்கம்போலப் பேசுகிறார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. ரத்தமா, கிட்னி போய்விட்டதா, புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூன்றுமே பெரும்பாலும் தவறு.

இதற்கு மருத்துவத்தில் ‘பர்ப்பிள் யூரின் பேக் சிண்ட்ரோம்’, அதாவது ஊதாச் சிறுநீர்ப் பை நோய்க்குறி என்று பெயர். 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதன் பிறகு பல நாடுகளிலிருந்தும் இதே காட்சியை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊதா என்ற சொல் பையோடு ஒட்டியிருக்கிறது. அது ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

தமிழில் இங்கே ஒரு சங்கடம் உண்டு. உடலுக்குள் சிறுநீர் தேங்கும் உறுப்பையும் சிறுநீர்ப்பை என்கிறோம், வெளியே தொங்கும் பிளாஸ்டிக்கையும் அப்படியே சொல்கிறோம். குழப்பம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் உள்ளே இருப்பது ‘சிறுநீர்ப்பை’, வெளியே தொங்குவது வெறும் ‘பை’.

## முதலில் கதீட்டர்

கதீட்டர் என்பது சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாய். அதிகம் பயன்படுவது ஃபோலி கதீட்டர். அதன் உள்நுனிக்கு அருகில் ஒரு குட்டி பலூன் இருக்கும். குழாய் உள்ளே போனதும் அதில் ஏறக்குறைய 10 மில்லி தண்ணீர் ஏற்றி உப்பவைப்பார்கள், குழாய் நழுவி வெளியே வராது. மறுநுனி ஒரு டியூப் வழியாகப் பையோடு இணைந்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் போட்டு எடுத்துவிடும் கதீட்டர் வேறு, மாதக்கணக்கில் இருப்பது வேறு. பக்கவாதம், தண்டுவடக் காயம், முற்றிய மறதி நோய், புராஸ்டேட் வீக்கத்தால் வரும் அடைப்பு போன்றவற்றில் இது நீண்ட நாள் துணையாகிவிடுகிறது. பொதுவாக 4 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நீண்டகாலக் கதீட்டர் என்பார்கள். குழாயை மட்டும் வகைக்கு ஏற்பச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிகான் குழாய் அதிகபட்சம் 12 வாரம் வரை இருக்கலாம்.

நீண்டகாலம் என்றாலே கிருமியும் கூடவே வரும். எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும், கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு சுமார் 3 முதல் 8 சதவீதம். ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். குழாயின் உட்சுவரில் அவை பாசிபோல ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. படலத்துக்குள் ஒளிந்தவற்றை ஆன்டிபயாடிக் எளிதில் தொட முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிருமி இருப்பது வேறு, கிருமி தாக்குவது வேறு. சிறுநீரில் கிருமி இருந்தும் காய்ச்சலோ வலியோ இல்லையென்றால் அது குடியேற்றம். உடல் எதிர்வினை காட்டினால்தான் தொற்று. ஊதாப் பை விஷயத்தில் நடக்கும் தவறான சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

## நிறம் உருவாகும் வழி

ஊதா நிறம் குடலில் தொடங்கிப் பிளாஸ்டிக்கில் முடியும் ஒரு சங்கிலி. படிப்படியாகப் பார்ப்போம்.

1. ட்ரிப்டோஃபான். உணவிலுள்ள புரதம் செரிக்கும்போது கிடைக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும்.

2. இண்டோல். பெருங்குடல் கிருமிகள் அந்த மிச்சத்தை உடைத்து இண்டோல் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மலச்சிக்கல் இருந்தால் கழிவு நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். கிருமிகளுக்கு வேலை செய்ய நேரம் கூடும், இண்டோலும் கூடும்.

3. இண்டாக்சில் சல்பேட். இண்டோல் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் கொஞ்சம் மாற்றி, அதன்மேல் ஒரு சல்பேட்டை மாட்டி, சிறுநீரகம் வழியாக வெளியே அனுப்புகிறது. இதற்கு நிறம் கிடையாது. உங்கள் சிறுநீரிலும் என் சிறுநீரிலும் இது தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

4. இண்டாக்சில். கதீட்டரில் குடியிருக்கும் சில கிருமிகளிடம் அந்தச் சல்பேட்டைக் கழற்றிவிடும் நொதி உண்டு. பிராவிடென்சியா, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், மார்கனெல்லா, ஈ.கோலை ஆகியவை இந்த நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுபவை. சல்பேட் கழன்றதும் மிஞ்சுவது இண்டாக்சில்.

5. இண்டிகோவும் இண்டிரூபினும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இண்டிகோ ஆகிறது. அது நீலம். ஒரு பகுதி வேறு வழியில் போய் இண்டிரூபின் ஆகிறது. அது சிவப்பு. சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தால் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும். நீலமும் சிவப்பும் கலந்தால் ஊதா. எது எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒருவர் பை வெளிர்நீலமாகவும், இன்னொருவர் பை நாவல்பழச் சாறுபோலவும் தெரியும்.

6. பிளாஸ்டிக். இண்டிகோ தண்ணீரில் கரையாது, போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இண்டிரூபின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கரைந்து ஊறிவிடும். பி.வி.சி. பைகளில் இது தூக்கலாகத் தெரிகிறது.

இண்டிகோ என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? துணிக்கு நீலமேற்றும் அதே சாயம்தான். அவுரிச் செடியின் இலையில் இண்டாக்சில் ஒரு சர்க்கரையோடு பிணைந்து, நிறமில்லாமல் இருக்கிறது. இலையைத் தொட்டியில் ஊறப்போட்டால் நொதிகள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். அப்புறம் அந்த மஞ்சள்பச்சைத் தண்ணீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் திரளும். சுண்ணாம்பு சேர்த்துக் காரமாக்குவதும் உண்டு. கதீட்டர் பையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சர்க்கரை இருந்த இடத்தில் சல்பேட், ஊறவைக்கும் தொட்டிக்குப் பதில் பை. கட்டில் கம்பியில் ஒரு குட்டிச் சாயத்தொட்டி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## கிட்டப்போய்ப் பார்த்தால்

பையின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, ஒளி ஊடுருவும் சுத்தமான குடுவையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பல சமயம் குடுவையில் இருப்பது கலங்கலான மஞ்சளாகவோ, லேசான சாயம் கலந்ததாகவோதான் இருக்கும். முழுவதும் வடிந்த பின்பும் காலிப் பை ஊதாவாகவே நிற்கும். டியூபின் உட்புறத்திலும், இணைப்பு வளையத்தைச் சுற்றியும் நிறம் படிந்திருக்கும். கதீட்டரிலிருந்து அப்போதுதான் இறங்கும் புதுச் சொட்டு மஞ்சளாகவே வரும்.

ரத்தம் இப்படி நடந்துகொள்ளாது. ரத்தம் வந்தால் இறங்கும் சொட்டே சிவக்கும், குடுவையும் சிவக்கும், கட்டிகள் தென்படலாம், அடியில் படியும். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனை, மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்வதற்கும் உதவும். “பை ஊதா, புதுச் சொட்டு மஞ்சள்” என்ற ஐந்து சொற்களில் அவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

## எல்லாருக்கும் ஏன் வருவதில்லை?

சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் ஒரே ஆளிடம் சேர வேண்டும். அப்படிச் சேர்வது பெரும்பாலும் முதிய வயதுப் பெண்களிடம், அதிலும் படுக்கையோடு இருப்பவர்களிடம். பெண்களுக்குச் சிறுநீர்ப் புறவழி (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் பாதை) குட்டையானது, ஆசனவாய்க்கு அருகில் இருப்பது, அதனால் குடல் கிருமி எளிதில் ஏறிவிடும். படுத்தே இருப்பதால் குடல் மந்தமாகி மலச்சிக்கல் வருகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகிறது. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

காரச் சிறுநீர் அவசியமா என்றால், பெரும்பாலும் ஆம். ஆனால் அமிலத்தன்மையுள்ள சிறுநீரிலும் ஊதாப் பை பதிவாகியிருக்கிறது. பி.எச். அளவு (அமில-காரத்தைக் காட்டும் எண்) குறைவாக இருப்பதால் மட்டும் இது அதுவல்ல என்று தள்ளிவிட முடியாது.

கதீட்டரே இல்லாமலும் இண்டிகோ தலைகாட்டுவதுண்டு. ‘நீல டயப்பர் நோய்க்குறி’ என்ற மிக அரிதான பிறவிக் கோளாறில், குழந்தையின் குடல் ட்ரிப்டோஃபானை ஒழுங்காக உறிஞ்சாது. அதே சங்கிலி ஓடி, சிறுநீர் பட்ட துணி காற்றில் நீலமாகும். 1964-இல் இது விவரிக்கப்பட்டது. அதன் விளைவுகள் வேறு, பெரியவர்களின் ஊதாப் பையோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

## ஊதா அல்லாத நிறங்கள்

பையில் தெரியும் எல்லா நிறத்துக்கும் கிருமி காரணமில்லை. நீண்ட நாள் கதீட்டர் உள்ளவர்கள் பொதுவாக நிறைய மருந்து எடுப்பவர்கள். அதனால் மருந்துச் சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சு: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், எரிச்சலுக்குத் தரும் ஃபெனசோபிரிடின். நிறம் பளிச்சென்று இருக்கும், மருந்தை நிறுத்தியதும் போய்விடும். வெறும் நீர்ச்சத்துக் குறைவிலும் அடர்மஞ்சள் ஆரஞ்சை நெருங்கும்.

பச்சை, நீலப்பச்சை: மெத்திலீன் புளூ, மயக்க மருந்தான புரோப்போஃபால், அமிட்ரிப்டிலின் ஆகியவை இப்படிச் செய்யும். சூடோமோனாஸ் கிருமியின் நிறமியும் பச்சை கொடுக்கும்.

பழுப்பு, கறுப்பு: நைட்ரோஃபியூரன்டாயின், மெட்ரோனிடசோல் பழுப்பாக்கலாம். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா எடுப்பவர்களின் சிறுநீர் காற்றில் நின்றால் கருக்கும். மஞ்சள்காமாலையிலும், தசை நசுங்கிச் சிதைவதிலும் தேநீர் நிறத்தில் வரும். இந்தக் கடைசி இரண்டும் அவசரம்.

வெள்ளைக் கலங்கல்: சீழ், பாஸ்பேட் உப்பு, அரிதாக நிணநீர்.

சிவப்பு: இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மில்லி ரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரியும். எனவே சிவப்பைப் பார்த்ததும் நிறைய ரத்தம் போய்விட்டதாக அர்த்தமில்லை. குழாய் இழுபட்டதாலும் வரலாம், கல்லோ கட்டியோ காரணமாகவும் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் இது வந்தாலும் மாத்திரையின்மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது, காரணம் தேட வேண்டும். இன்னொரு வேடிக்கை: மலச்சிக்கலுக்குத் தரும் சென்னா மருந்து, காரச் சிறுநீரில் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஊதாப் பைக்காக மலச்சிக்கலைச் சரிசெய்யப் போய், அடுத்த வாரம் சிவப்பைப் பார்த்து அலற நேரிடலாம்.

## நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது

ஊதாப் பை தன்னளவில் தீங்கற்றது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சாயம் தீங்கற்றது என்பது சரி. ஆனால் சாயம் உண்டான சூழல் அவ்வளவு சாது அல்ல. நோயாளியின் குடல் மந்தமாக இருக்கிறது, குழாயில் கிருமிப் படலம் தடித்திருக்கிறது, சிறுநீர் காரமாகியிருக்கிறது என்ற மூன்று செய்திகளை அது ஒன்றாகச் சொல்கிறது. இதில் மூன்றாவதுக்கு அதிகம் பேர் கவனம் கொடுப்பதில்லை.

சிறுநீரைக் காரமாக்குவது யார்? புரோட்டியஸ் போன்ற கிருமிகள். அவற்றிடமுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா சேரச் சேரக் காரம் ஏறும். அந்தக் காரத்தில் மெக்னீசியம், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிகமாகி, குழாயின் துளையில் சுண்ணாம்புபோல ஒட்டிக்கொள்ளும். அதாவது பையை ஊதாவாக்க உதவும் அதே காரம்தான் குழாயையும் அடைக்கிறது. கழற்றிய கதீட்டரின் நுனியை விரலால் நெருடிப் பார்த்தால் மணல்போல நறநறவென்று இருப்பது இதனால்தான். எனவே ஊதாப் பை தெரிந்த வீட்டில், நிறத்தைப் படம்பிடிப்பதைவிட மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று குறித்துவைப்பது பயன் தரும்.

தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம் உள்ளவர்களுக்கு அடைப்பு இன்னும் ஆபத்து. சிறுநீர்ப்பை நிரம்பி உப்பினாலே அவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென எகிறும், தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். அங்கே முதல் வேலை குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது.

## என்ன செய்ய வேண்டும்?

1. ஆளைப் பாருங்கள், பிறகு பையை. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ வலி, திடீர்க் குழப்பம் அல்லது தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தம் குறைதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறம் எதுவானாலும் அன்றே மருத்துவமனை. பிறப்புறுப்பைச் சுற்றி வீக்கம், கருமை, தாங்க முடியாத வலி இருந்தால் நிமிடம் தாமதிக்கக் கூடாது. ஊதாப் பையோடு சேர்ந்து அந்தப் பகுதியின் திசு அழுகும் ஃபோர்னியர் நோய் வந்ததும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது.

2. அறிகுறி இல்லையென்றால் குழாயையும் பையையும் மாற்றச் சொல்லுங்கள். பையை மட்டும் மாற்றினால் கிருமிப் படலம் பழைய குழாயிலேயே இருக்கும். மாற்றும்போதே இந்தக் கதீட்டர் இன்னும் தேவைதானா என்றும் கேளுங்கள். போட்டதை மறந்துபோய் மாதக்கணக்கில் தொடரும் கதீட்டர்கள் உண்டு.

3. மலச்சிக்கல். எளிதாகத் தெரிந்தாலும் உண்மையான சிகிச்சை இதுதான். நீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

4. பையின் இடம். எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல். பாதிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். டியூபையும் பையையும் அடிக்கடி பிரிக்காதீர்கள்.

5. ஆன்டிபயாடிக். அறிகுறி இல்லாதவருக்கு நிறத்துக்காக மட்டும் தரத் தேவையில்லை. குழாய் இருக்கும்வரை கிருமி திரும்ப வரும், ஆனால் மருந்துக்கு மசியாததாக வரும். நிஜமான தொற்று வரும் நாளில் கொடுக்க மருந்து இல்லாமல் போவதுதான் மிச்சம்.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, பையிலிருந்து சிறுநீர் எடுக்கக் கூடாது, அங்கே மணிக்கணக்கில் கிருமி பெருகியிருக்கும். கதீட்டர் போட்டு 2 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், புதுக் குழாய் போட்டு அதன் வழியே வரும் சிறுநீரை அனுப்புவதே முறை. பழைய குழாயில் எடுத்தால், கிடைக்கும் பட்டியல் படலத்தில் குடியிருப்பவர்களின் வாக்காளர் பட்டியலாக இருக்குமே தவிர, தாக்கியவன் யார் என்று சொல்லாது. அதேபோல, நீண்டநாள் கதீட்டர் உள்ளவரின் சிறுநீரில் சீழ் அணுக்கள் இருப்பதும் சாதாரணம். அறிகுறி இல்லாதபோது அந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பதே நல்லது. செய்தால் முடிவைப் பார்த்து யாராவது மருந்து எழுதிவிடுவார்கள்.

## திரும்ப வருமா?

வரலாம். குழாய் மாற்றி, குடல் சீரானதும் நிறம் பெரும்பாலும் மறைந்துவிடும். அதே ஆள், அதே படுக்கை, அதே மந்தமான குடல் என்றால் சில வாரங்களில் மீண்டும் ஊதா எட்டிப் பார்ப்பது வியப்பில்லை. முதல் முறை வரும்போதே தேதி, கடைசியாகக் குழாய் மாற்றிய நாள், மலம் கழித்த நாள், புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது முறை வரும்போது, இடைவெளி எத்தனை வாரம், அதற்கு முன் குடல் எத்தனை நாள் அடைத்திருந்தது என்று அந்தத் தாளே சொல்லும். குழாய் மாற்றும் தேதியை முன்னுக்குத் தள்ளலாமா என்று செவிலியரிடம் கேட்க அது போதும்.